ஜெர்மன் சிகரெட் அட்டைகளில் திரை நட்சத்திரங்கள்: சேகரிக்கத் தொடங்குபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் மேசையில் இருக்கும் அட்டை தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. முன்பக்கம் ஒரு நடிகையின் முகம். பின்பக்கம் ஒரு தொடரின் பெயர், ஒரு எண், சிகரெட் ஆலையின் பெயர், படத்தைக் கொடுத்த பதிப்பகத்தின் பெயர். ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ பிரித்த சிகரெட் பெட்டியிலிருந்து வெளியே வந்தது இது. புகைத்தவர் பெட்டியைக் கசக்கி எறிந்திருப்பார். அட்டையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

இந்த அட்டைகளை முகத்துக்காக வாங்கத் தொடங்குவதுதான் எல்லோருக்கும் வழக்கம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் பின்பக்கத்தைப் படிக்கப் பழகிய பிறகுதான் இந்தச் சேகரிப்பு என்னை முழுதாகப் பிடித்துக்கொண்டது. யார் எந்த ஆண்டு தொடரில் இருக்கிறார், யார் அடுத்த தொடரில் காணாமல் போகிறார் என்று பார்க்கப் பார்க்க, 1930களின் ஜெர்மனி கையளவுத் தாளில் தெரிய ஆரம்பிக்கும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்தப் படிப்புக்கு உதவும் வகையில்தான் அமைந்திருக்கின்றன.

இவை எப்படி வந்தன

சரக்கோடு படம் கொடுத்து வாங்குபவரைப் பிடித்துவைக்கும் பழக்கம் சிகரெட்டோடு தொடங்கியதல்ல. லீபிக் இறைச்சிச் சாறும் கொலோன் நகரத்து ஷ்டோல்வெர்க் சாக்லேட்டும் 19ஆம் நூற்றாண்டிலேயே வண்ணப் படங்களைக் கொடுத்து வந்தன. சிகரெட் தொழில் வேர்விட்டது டிரெஸ்டன் நகரில். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கைச் சேர்ந்த லாஃபெர்ம் நிறுவனம் 1862இல் அங்கே ஓர் ஆலையைத் திறந்தது. ஜெர்மனியின் முதல் சிகரெட் ஆலை அதுதான். கிழக்கத்திய நாடுகளின் புகையிலைதான் அன்று மதிப்பு. அதனால்தான் 1909இல் கட்டி முடித்த யெனிட்சே ஆலையை மசூதி போலவே, குவிமாடத்தோடு கட்டினார்கள். இன்றும் டிரெஸ்டனுக்கு ரயிலில் போனால் அந்தக் குவிமாடத்தைப் பார்க்கலாம். நம் அட்டைகளில் வரும் 'சலேம்' சிகரெட் அந்த ஆலையின் சரக்கு.

1917இல் ஊஃபா என்ற திரைப்பட நிறுவனம் உருவானது. அதற்குப் பின் பெர்லின் சினிமா ஐரோப்பாவுக்கே நட்சத்திரங்களைக் கொடுத்தது. சிகரெட் ஆலைகளுக்கு வேறென்ன வேண்டும்? 1920களின் கடைசியிலிருந்து 1930கள் முழுக்க யோசெட்டி, கர்பாட்டி, முராட்டி, யாஸ்மாட்சி, ஹவுஸ் பெர்க்மான், ரேம்ட்ஸ்மா என்று எல்லா ஆலைகளும் போட்டி போட்டுக்கொண்டு படம் கொடுத்தன. போர் வந்து காகிதத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதும் 1940களின் தொடக்கத்தில் இந்த வழக்கம் நின்றுபோனது. போருக்குப் பிறகு 1950களில் வந்தவையும் உண்டு. அவை வேறு உலகம். இங்கே அவற்றைத் தொடவில்லை.

முதல் படி: எல்லை போட்டுக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் சேகரிக்கிறேன் என்று இறங்கினால் ஆறு மாதத்தில் ஷூ பெட்டி நிறைய அட்டை இருக்கும், சேகரிப்பு இருக்காது. ஒரு நடிகரை எடுத்துக்கொள்ளலாம், ஒரு ஆலையை எடுத்துக்கொள்ளலாம், அல்லது ஒரு தொடரை.

நடிகர் வழி இனிமையானது. லிலியன் ஹார்வி, வில்லி ஃப்ரிட்ஷ் என்ற ஜோடியை எடுத்துக்கொண்டால் அட்டைகள் நிறையக் கிடைக்கும், விலையும் ஏறாது. மார்லேனே டீட்ரிஷ், கிரேட்டா கார்போ, லூயிஸ் புரூக்ஸ், அன்னா மே வோங், கொன்ராட் ஃபைட் ஆகியோரை உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். விலை அதற்கேற்ப ஏறும்.

என்னைக் கேட்டால், புதிதாக வருபவர் ஒரே ஒரு தொடரை எடுத்து முழுதாக முடிக்கப் பார்க்க வேண்டும். ஒரு தொடரில் புகழ்பெற்றவரும் இருப்பார், இன்று யாருக்கும் பெயர் தெரியாதவரும் இருப்பார். அந்தப் பெயர் தெரியாதவர் யார் என்று தேடிப்போகும் நாள்தான் நீங்கள் சேகரிப்பாளராகும் நாள்.

இரண்டாம் படி: வகை பிரித்தறியுங்கள்

மூன்று வகைகள் உங்கள் கைக்கு வரும்.

ஒன்று, உண்மையான புகைப்பட அச்சு. கறுப்பு வெள்ளையில், பளபளப்பான மேற்பரப்போடு இருக்கும். ஒரு லென்ஸை வைத்துப் பார்த்தால் புள்ளிகளே தெரியாது. சாம்பல் நிறம் வழுக்கிக்கொண்டு போகும். அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், கறுப்பான இடங்களில் வெள்ளி பூத்தது போல ஒரு மினுக்கம் தெரியலாம். படத்தில் உள்ள வெள்ளி வயதாகி மேலே வருவது அது. சிலர் அதைக் குறை என்பார்கள். வயதுக்கு அது நல்ல சாட்சி என்பேன் நான்.

இரண்டாவது, வண்ணத்தில் அச்சிட்டவை. 'புன்ட்டே ஃபில்ம்பில்டர்' (சினிமா பற்றிய வண்ணப் படங்கள் என்று பொருள்) போன்ற தொடர்கள் இந்த வகை. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் சேர்த்து அச்சிட்டார்கள். அதனால்தான் கன்னமும் உதடும் ஓவியம் போல இருக்கும்.

மூன்றாவது, ஒட்டிவைக்கும் ஆல்பத்துக்கென்றே திட்டமிட்ட பெரிய படங்கள். ஹாம்பர்க் அருகே பாரன்ஃபெல்டில் இருந்த ரேம்ட்ஸ்மாவின் படச் சேவை இதில் பெயர்போனது. அங்கே படம் பெட்டிக்குள் வராது. பெட்டியில் ஒரு சீட்டு வரும். சீட்டுகளைச் சேர்த்துத் தபாலில் அனுப்பினால் படத் தொகுதி வீட்டுக்கு வரும். ஆல்பத்தைத் தனியே காசு கொடுத்து வாங்க வேண்டும். 1935இல் இரண்டு பாகங்களாக வந்த 'ஃபோம் வெர்டன் டொய்ச்சர் ஃபில்ம்குன்ஸ்ட்' (ஜெர்மன் திரைக்கலை உருவான கதை) இந்த வகையில் முக்கியமானது. முதல் பாகம் மௌனப் படம், இரண்டாவது பேசும் படம். எழுதியவர் ஓஸ்கார் கால்புஸ். படங்களுக்காக இது அவசியம் வைத்திருக்க வேண்டிய ஆல்பம். எழுத்தை மட்டும், 1935இல் நாஜிகள் ஆட்சியில் இருந்தார்கள் என்பதை மறக்காமல் படியுங்கள்.

மூன்றாம் படி: பின்பக்கத்தைப் படியுங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்போம்.

பல அட்டைகளில் 'ரொஸ் ஃபெர்லாக்' என்று பார்ப்பீர்கள். பெர்லினில் ஹைன்ரிஷ் ரொஸ் நடத்திய பதிப்பகம் அது. திரை நட்சத்திரங்களின் அஞ்சலட்டைகளில் அன்று அதை மிஞ்ச ஆள் இல்லை. சிகரெட் ஆலைகளுக்கும் படம் கொடுத்தது அதுவே. ரொஸ் யூதர். 1937இல் அவர் கையைவிட்டு நிறுவனம் போனது. அவர் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார். ஆனால் அவர் பெயர் மட்டும் விற்பனைக்கு வேண்டியிருந்தது. 1941இல் 'ஃபில்ம் ஃபோட்டோ ஃபெர்லாக்' என்று மாற்றும் வரை, துரத்தப்பட்டவரின் பெயரிலேயே படங்கள் வந்துகொண்டிருந்தன. இதை அறிந்த பிறகு அந்தச் சின்னப் பெயரைச் சும்மா கடந்துபோக முடியாது.

ஆலையின் பெயரும் பேசும். பெர்லின் பாங்கோவில் இருந்த கர்பாட்டி ஆலை, 'ராணி சேபா' சிகரெட்டுக்குப் புகழ்பெற்ற யூதக் குடும்பத்தின் சொத்து. 1938இல் அதைக் கட்டாயத்தின் பேரில் விற்க நேர்ந்தது. இன்று பாங்கோ ரயில் நிலையத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்துக்கு அந்தக் குடும்பத்தின் பெயர். அழகான பெண்களின் முகங்களை வரிசையாகக் கொடுத்த கர்பாட்டி தொடர்கள் இன்றும் சந்தையில் அதிகம் புழங்குகின்றன. வாங்கும்போது இதையும் அறிந்து வாங்குங்கள்.

பெரும்பாலான சிறிய அட்டைகளில் ஆண்டு இருக்காது. நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு உதவிய வழிகள் இவை:

ஊர்ப் பெயர். ரேம்ட்ஸ்மா ஆல்பத்தில் 'ஆல்டோனா பாரன்ஃபெல்ட்' என்று இருந்தால் அது முந்தையது. ஆல்டோனா அப்போது தனி நகரம். 1937இல் வந்த பெரிய ஹாம்பர்க் சட்டத்தால் அது ஹாம்பர்க்கோடு சேர்ந்தது; பிற்காலத்தவற்றில் 'ஹாம்பர்க் பாரன்ஃபெல்ட்' என்று இருக்கும்.

தொடரிலேயே மிகப் புதிய முகம். ஸாரா லேயாண்டர் ஊஃபா நட்சத்திரமாக இருந்தால் தொடர் 1937க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பில்லை. ஷெர்லி டெம்பிள் சிரித்தால் 1934க்குப் பிறகு.

ஸ்டுடியோ பெயர். மார்லேனே டீட்ரிஷ் படத்தின் கீழ் 'பாரமவுண்ட்' என்று இருந்தால், 1930இல் 'நீல தேவதை' படம் முடிந்து அவர் ஹாலிவுட் போன பிறகு எடுத்தது.

யார் இல்லை என்பது கடைசி வழி. இதற்குத்தான் பழக்கம் அதிகம் வேண்டும். 1933க்குப் பிறகு யூத நடிகர்கள் திரையிலிருந்து ஒதுக்கப்பட்டார்கள். எலிசபெத் பெர்க்னர் லண்டனுக்குப் போனார். பீட்டர் லோரே நாட்டைவிட்டுப் போனார். கொன்ராட் ஃபைட் யூதரல்ல, அவர் மனைவி யூதர், அவரும் போய்விட்டார். 1931 வாக்கில் வந்த ஒரு தொடரையும் 1936 வாக்கில் வந்த ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர்ப்பட்டியலை ஒப்பிடுங்கள். அந்த வேலையை ஒரு மாலையாவது செய்துபாருங்கள். கிளார்க் கேபிளும் ஜோன் கிராஃபோர்டும் இரண்டாவதிலும் இருப்பார்கள், ஹாலிவுட் படங்கள் அப்போதும் ஓடின. பெர்லினின் சொந்தப் பிள்ளைகள் பலர் இருக்கமாட்டார்கள்.

நான்காம் படி: தேடும் இடமும் தேடும் சொல்லும்

ஜெர்மனியில் இருப்பவருக்கு வாரக்கடைசிப் பழம்பொருள் சந்தை, அவர்கள் சொல்லும் 'ஃப்ளோமார்க்ட்', முதல் இடம். பெர்லினில் 17 ஜூன் சாலைச் சந்தை, மவுவர்பார்க்கின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. டிரெஸ்டனில் எல்பே ஆற்றங்கரையில் சனிக்கிழமை கூடும் சந்தை. அஞ்சலட்டைப் பெட்டிகளை வைத்திருக்கும் மேசைகளில் தேடுங்கள்; சிகரெட் அட்டைகள் பெரும்பாலும் அவற்றின் அடியில்தான் கிடக்கும். இறந்தவர் வீட்டைக் காலி செய்து சாமான் விற்பவர்களிடம் முழு ஆல்பம் கிடைக்க வாய்ப்பு அதிகம். 'வாஸ் சோல் தாஸ் கோஸ்டன்' என்று கேட்டால் விலை சொல்வார்கள். இரண்டு மூன்றைச் சேர்த்து எடுத்தால் குறைத்தும் கொடுப்பார்கள்.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ இருப்பவருக்கு இணைய ஏலமும் ஜெர்மன் பழைய புத்தகக் கடைகளின் தளங்களும்தான் வழி. தேடும்போது ஒரு நுட்பம்: அன்றைய ஆலைகள் 'சிகரெட்' என்ற சொல்லைச் 'சி' எழுத்தில் தொடங்கி அச்சிட்டன, இன்றைய ஜெர்மன் எழுத்துமுறையில் அது 'இசட்' எழுத்தில் தொடங்கும். இரண்டையும் தட்டிப்பாருங்கள். 'ஃபோட்டோ'வும் அப்படித்தான், 'எஃப்' போட்டும் வரும், 'பிஎச்' போட்டும் வரும். 'சிகரெட் படம்' என்பதோடு, 'சேகரிப்புப் படம்' என்று பொருள்படும் 'சம்மல்பில்டர்' என்ற சொல்லையும் தேடுங்கள். நடிகர் பெயரைப் போடாமல் தொடர் பெயரை மட்டும் போட்டுத் தேடினால், விற்பவருக்கே பெயர் தெரியாத அட்டைகள் மலிவாகக் கிடைக்கும்.

விலையைப் பற்றி: இவை லட்சக்கணக்கில் அச்சானவை. சாதாரண நட்சத்திரத்தின் தனி அட்டை ஓரிரு யூரோவுக்குக் கிடைக்கும். 'மிக அரியது' என்று விற்பவர் சொன்னால், அதே தொடர் வேறெங்கே விற்கிறது என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அட்டைகளை மொத்தமாக வாங்கும்போது அதே காலத்து அரசியல் ஆல்பங்களும் சேர்ந்து வரலாம். நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதையும் பரப்புவதையும் ஜெர்மன் குற்றவியல் சட்டம் 86அ பிரிவு தடுக்கிறது. வரலாற்று ஆய்வு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. விற்பனைத் தளங்கள் அதைவிடக் கறாராக இருக்கும். மொத்தமாக வாங்குமுன் உள்ளே என்ன இருக்கிறது என்று படம் கேட்டுப் பாருங்கள்.

ஐந்தாம் படி: வாங்குமுன் சோதியுங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸும், சிறிய புற ஊதா டார்ச்சும் போதும். லென்ஸில் ஒழுங்கான சிறு புள்ளி வலை தெரிந்தால் அது அச்சகத்தில் அச்சிட்டது, புகைப்பட அச்சு அல்ல. ஒழுங்கில்லாமல் தெளித்த புள்ளி தெரிந்தால் இன்றைய கணினி அச்சு. இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள்: தாள் நீலவெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் அது போருக்கு முந்தைய தாளல்ல. தாளை வெள்ளையாகக் காட்டும் அந்த வேதிப்பொருள் 1950 வாக்கில்தான் பரவலாகத் தாளில் சேர்ந்தது.

படத்தின் மேல் கையெழுத்து இருந்தால் உடனே மகிழாதீர்கள். பெரும்பாலும் அது படத்தோடு சேர்த்து அச்சானது. லென்ஸில் பார்த்தால் மை தாளுக்கு மேல் நிற்கிறதா, படத்துக்குள்ளேயே இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அதன்பின் மூலைகள், மடிப்பு, பழுப்புப் புள்ளி, பின்பக்கப் பசை. பின்பக்கம் பசை படாத அட்டைக்கு எப்போதும் விலை கூட. எனக்கு மூலை கொஞ்சம் மழுங்கியிருந்தால் பரவாயில்லை; பின்பக்க எழுத்து கிழிந்துபோயிருந்தால் வாங்கமாட்டேன்.

ஆறாம் படி: ஆல்பத்தை உடைக்காதீர்கள்

ஒரு விற்பனையாளர் மேசையில் ஒருமுறை ஆல்பம் ஒன்றைப் பார்த்தேன். கார்போவும் டீட்ரிஷும் இருந்த பக்கங்களைக் கத்தரியால் வெட்டி எடுத்திருந்தார். அந்த இரண்டு படங்களுக்கு நல்ல விலை கிடைத்திருக்கும். மீதி ஆல்பம் குப்பை விலையில் கிடந்தது. முதல் பக்கத்தில் பென்சிலால் ஒரு குழந்தையின் பெயரும், கிடைக்காத படங்களின் எண்களும். கிடைத்தவற்றை ஒவ்வொன்றாக அடித்திருந்தது அந்தக் கை. அந்தப் பட்டியலின் மதிப்பு எந்தத் தனி அட்டைக்கும் வராது. ஆல்பத்தை நான் வாங்கிக்கொண்டேன்.

முழு ஆல்பம் வாங்கும்போது ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டி, ஒட்டாமல் காலியாக விட்ட இடங்களை எண்ணுங்கள். 'கோம்ப்ளெட்' (முழுமையானது) என்று எழுதியிருந்தாலும் எண்ணுங்கள். ஓரிரு படம் குறைந்த ஆல்பம் நல்ல வாய்ப்பு: மலிவாக வாங்கி, விட்டுப்போன படத்தைத் தனியே தேடி நிரப்பலாம். சேகரிப்பில் நான் அறிந்த பெரிய மகிழ்ச்சி அதுதான். மேலட்டையின் தாள் உறை இருந்தால் விடாதீர்கள். அதைத்தான் எல்லோரும் முதலில் தொலைத்தார்கள்.

ஆல்பத்தில் ஒட்டிய படத்தைத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். புகைப்பட அச்சின் மேல் ஜெலட்டின் படலம் இருக்கிறது. நனைந்தால் அது இளகும். நான் ஒருமுறை பிரிகிட்டே ஹெல்ம் அட்டை ஒன்றின் பசையை எடுக்க ஈரப்பஞ்சு வைத்தேன். ஈரம் ஓரம் வழியே முன்பக்கத்துக்குப் போய், நெற்றிப் பகுதி சுருங்கி உரிந்துவிட்டது. 'மெட்ரோபோலிஸ்' நாயகியின் அந்த அட்டையைத் தூக்கியெறிய மனம் வராமல் இன்னமும் வைத்திருக்கிறேன். பசைத் தடம் இருந்தால் இருக்கட்டும்.

ஏழாம் படி: பாதுகாப்பு

கழுவித் துடைத்த உலர்ந்த கையால் ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை நல்லது. பிவிசி உறை வேண்டாம். நாளடைவில் அதிலிருந்து வரும் பொருள் படத்தைக் கெடுக்கும். ஆல்பப் பக்கங்களுக்கு நடுவே அமிலமில்லாத மெல்லிய தாள் வைக்கலாம். ஆல்பத்தைப் படுக்கவைத்து அடுக்குங்கள்.

நம் கடற்கரை ஊர்களில் இருப்பவருக்கு ஈரப்பதம்தான் எதிரி. மழைக்காலத்தில் புகைப்பட அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் இரண்டு முகமும் போகும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். ஐம்பது விழுக்காட்டுக்குள் ஈரப்பதத்தை வைத்திருந்தால் போதும். சிறிய மானி ஒன்றை டப்பாவுக்குள்ளேயே வைத்துவிடலாம். பூச்சி உருண்டை போடாதீர்கள்.

எட்டாம் படி: பதிவேடு

ஒரு நோட்டோ கணினி அட்டவணையோ, எதுவானாலும் சரி. தொடர், எண், ஆலை, படம் கொடுத்த பதிப்பகம், வாங்கிய நாள், விலை, நிலை. இதோடு இன்னொரு பத்தியும் சேருங்கள்: படத்தில் இருப்பவர் பின்னர் என்ன ஆனார்.

அந்தப் பத்தியை நிரப்பத்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது. ரெனாட்டே முல்லர், 1937இல் பெர்லினில் இறந்தார். டோலி ஹாஸ், 1936இல் இங்கிலாந்து, பின் அமெரிக்கா. யோகிம் கொட்ஷால்க், யூத மனைவியைப் பிரிய மறுத்து 1941இல் மனைவி, மகனோடு உயிரை மாய்த்துக்கொண்டார். ஓட்டோ வால்பர்க், 1944, ஆஷ்விட்ஸ். குர்ட் கெரோன், 'நீல தேவதை'யில் வித்தைக்காரராக வந்த பருத்த மனிதர், 1944, ஆஷ்விட்ஸ்.

கெரோனின் சிகரெட் அட்டை எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. பதிவேட்டில் அவர் பெயரை எழுதி, எண்ணுக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.